4 ஜிபி ராம் போட்டாச்சு, 3.25தான் காட்டுது... 32 பிட்டா 64 பிட்டா?

மியான்மர்ல யாங்கோன் பக்கத்துல இருக்குற தன்லின்லருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு: "சயா (வாத்தியாரே), வீட்ல பழைய கோர் 2 டுவோ கம்ப்யூட்டர், விண்டோஸ் 10 ஓடுது. 2 ஜிபி ராம் இருந்துச்சு, யாங்கோன் போனப்ப இன்னொரு 2 வாங்கி மாட்டுனேன். இப்ப 4 ஜிபின்னு காட்டுது, பக்கத்துலயே 3.25தான் பயன்படும்னு வருது. கடைக்காரர் 64 பிட் போடச் சொல்றாரு. கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் பழைய தமிழ் சாப்ட்வேர்ல அடிச்சு பழைய லேசர் பிரிண்டர்லதான் எடுக்குறேன். மாத்தலாமா?"

அண்ணே, கடைக்காரர் ஏமாத்தல, ராமும் பழுதில்ல. மெமரில ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு நம்பர் வேணும், 32 பிட் விண்டோஸ் எண்ணக்கூடிய நம்பர் மொத்தமே 429 கோடி சொச்சம்தான், அது 4 ஜிபியோட தீந்துடும். அதுக்குள்ளயே டிஸ்ப்ளே கார்டு, மத்த கார்டுக்கெல்லாம் இடம் ஒதுக்கியாகணும். அன்னதானத்துல 400 இலைதான் போட முடியும், அதுல 75 இலைய சமையல் பண்றவங்களுக்குன்னு பிடிச்சு வச்சிட்டா பந்திக்கு 325தானே, அந்தக் கணக்குதான்.

64 பிட் விண்டோஸ் அதுக்கு ரொம்ப மேலயும் எண்ணும். அப்ப 64 பிட் போட்டா முழு 4ம் வருமான்னா, அங்கதான் ஒரு சிக்கல். உங்க மதர்போர்டுல ராமையும் பிராசசரையும் இணைக்கிற சிப்செட் இன்டெல் 945ஆ இருந்தா வராது, மறைஞ்ச ராமுக்கு 4 ஜிபிக்கு மேல நம்பர் குடுக்குற வசதியே அதுல கிடையாது, விண்டோஸ் எதப் போட்டாலும் அதே 3.25 பக்கம்தான் நிக்கும். அப்படின்னா மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல, ஏன்னா 64 பிட் புரோகிராம் அதே வேலைக்குக் கொஞ்சம் கூடத்தான் மெமரி தின்னும். மூடியக் கழட்டி போர்டுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு மேல பேசுவோம். பிராசசர பத்தி கவலை வேணாம், கோர் 2 டுவோ எல்லாமே 64 பிட்தான், செட்டிங்ஸ்ல சிஸ்டம், அபௌட் போனா "32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசசர்"னு அதுவே சொல்லும்.

இப்ப முக்கியமான விஷயம், உங்க பிரிண்டர். 32 பிட் புரோகிராம் பெரும்பாலும் 64 பிட் விண்டோஸ்ல ஒழுங்கா ஓடும், ஆனா டிரைவர், அதாவது பிரிண்டர விண்டோஸோட பேச வைக்கிற புரோகிராம், 32 பிட்டா இருந்தா ஓடவே ஓடாது, 64க்குன்னு தனியா எழுதுன டிரைவர் வேணும், பழைய மாடல் சிலதுக்கு கம்பெனி அத எழுதவே இல்ல. நான் ஒரு வீட்ல இது தெரியாம அவசரப்பட்டு மாத்திக் குடுத்துட்டேன், நல்லா ஓடிட்டிருந்த ஸ்கேனர் அன்னைக்கே செத்துச்சு, இப்ப அது மேல பூச்சாடி வச்சிருக்காங்க, போறப்பெல்லாம் என் கண்ணுல படும். அதனால முதல்ல பிரிண்டர தூக்கிட்டுப் போய் யாராவது 64 பிட் விண்டோஸ் லேப்டாப் வச்சிருந்தா அதுல சொருகி ஒரு பக்கம் எடுத்துப் பாருங்க. பேப்பர் வந்தா பாதி கவலை போச்சு.

மீதி பாதி அந்தத் தமிழ் சாப்ட்வேர். ரொம்பப் பழைய 16 பிட் ஐட்டம்னா 64ல தொறக்கவே தொறக்காது. சிலதுல புரோகிராம் 32 பிட்டா இருக்கும், செட்டப் மட்டும் 16 பிட், அதுவும் அங்கயே நின்னுடும். இன்னொண்ணு, பழைய கீபோர்டு புரோகிராம் சிலது 64 பிட் வேர்டுக்குள்ள நுழைய முடியாம இங்கிலீஷாவே அடிக்கும், அதுக்கு விண்டோஸ 64 போட்டுட்டு ஆபீஸ மட்டும் 32 பிட்டா போடலாம், தப்பே இல்ல. பாமினி மாதிரி பான்டுக்கு பிட் கணக்கே கிடையாது, பைல காப்பி பண்ணிப் போட்டா போதும். விண்டோஸ் மாத்துனதும் பர்மா எழுத்து உடைஞ்சு போச்சு, 64 பிட்தான் காரணம்னு சிலர் சொல்வாங்க, அது 64 பிட்டால இல்ல, பழைய பைல் சாஜீங்கிற பழைய பர்மா பான்ட்ல இருக்கும், புது விண்டோஸ்ல அந்த பான்ட் இருக்காது, நாடே 2019 அக்டோபர் 1லருந்து யூனிகோடுக்குப் போயாச்சு.

மாத்துறதுன்னு முடிவு பண்ணா, மேல மேல அப்டேட் பண்ற வழி இல்ல, விண்டோஸ முதல்லருந்து புதுசா போடணும். ரெண்டுக்கும் அதே லைசென்ஸ் கீதான், திரும்ப வாங்க வேணாம். பழைய டிஸ்க்க அழிக்காதீங்க, கழட்டி ஓரமா வச்சிட்டு வேற டிஸ்க்ல போட்டுப் பாருங்க, சரி வரலன்னா பழசயே திரும்ப மாட்டிக்கலாம். கரண்ட் எப்ப போகும்னு தெரியாத ஊரு, யூபிஎஸ் இல்லாம ஆரம்பிக்காதீங்க. போட்டப்பறம் சிஸ்டம்32ங்கிற போல்டர் பழசுன்னு நெனச்சு கைய வச்சிடாதீங்க, 64 பிட் பைல் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு, பேர் வச்சவன் புண்ணியவான்.

என் அபிப்ராயம், போர்டு 945 இல்ல, பிரிண்டரும் ஓடுதுன்னா 64 போட்டுடுங்க, பிரவுசர் நாலு டேப் கூட தாங்கும். இல்லன்னா 32லயே நோட்டீஸ் அடிங்க. ஆனா விண்டோஸ் 10க்கு இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, விண்டோஸ் 11 வந்ததே 64 பிட்ல மட்டும்தான், கோர் 2 டுவோவ அது சேத்துக்காது. அதனால எதப் போட்டாலும் அந்தக் கம்ப்யூட்டர்ல பேங்க் வேலை மட்டும் பாக்காதீங்க, நெட் வயர உருவிட்டு பத்திரிகை அடிக்கிறதுக்குன்னே வச்சுக்கிட்டா இன்னும் அது ஓடும்.