கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் பொதுக்கல்வி எதற்கு?

கணினியியல் படிக்க வந்தவரும் மெய்யியல், இறையியல், வரலாறு, இலக்கியம் ஆகியவற்றில் சில பாடங்களைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்ற ஏற்பாடே பொதுக்கல்வி எனப்படுகிறது. உண்மை ஒன்றே, துறைகள் அதன் பகுதிகளே என்னும் கத்தோலிக்க மரபின் எண்ணம் இதன் அடிப்படை. ஒரு துறையை நீக்கிவிட்டால் மற்றவை எல்லை மீறி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று 1852இல் டப்ளினில் ஆற்றிய சொற்பொழிவுகளில் கத்தோலிக்க இறையியலாளர் ஜான் ஹென்றி நியூமன் வாதிட்டார். ஒரே சன்னல் வழியாகப் பார்ப்பவர், தெருவின் ஒரு பக்கத்தையே முழுத் தெரு என்று எண்ணிவிடுவதைப் போன்றது அது. வேலைக்கு அந்தச் சன்னல் போதலாம். ஆனால் சிகிச்சையை நிறுத்தலாமா என்று நோயாளியின் குடும்பம் கேட்கும்போது, மருத்துவருக்கு உடற்கூற்றியல் மட்டும் கைகொடுக்காது என்றே நினைக்கிறேன். இறையியல் பாடம் மதம் மாற்றுவதற்கானது எனப் பலர் கருதுகிறார்கள். அது ஆராய்ந்து கற்கும் கல்விப் பாடமே, மேலும் 1990இல் போப் இரண்டாம் ஜான் பால் இப்பல்கலைக்கழகங்களுக்கு வகுத்த விதிகள் ஒவ்வொருவரின் மனச்சான்றுச் சுதந்திரத்தையும் மதிக்கச் சொல்கின்றன.