முழு சஸ்பென்ஷன் எக்ஸ்சி சைக்கிள்: மலையகத்து ரோட்டுக்கு எந்தக் கோணம்? (கேள்வி பதில்)

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள கிராஸ் கன்ட்ரி (எக்ஸ்சி) சைக்கிள்களின் பிரேம் அளவுகள் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். விலை, எங்கே வாங்கலாம் என்பதையெல்லாம் தொடவில்லை, அது தனிச் சண்டை.

கேள்வி (ஹட்டன்): அண்ணா, கம்பனி தரும் ஜியோமெட்ரி அட்டவணையில் பத்துப் பதினைந்து எண் இருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பது?

சீட் ஆங்கிள், அதாவது சீட்டைத் தாங்கும் குழாய் தரையோடு ஆக்கும் கோணம். எல்லோரும் ஹெட் ஆங்கிளை, அதாவது முன் சில்லைப் பிடிக்கும் ஃபோர்க் தரையோடு ஆக்கும் கோணத்தைத்தான் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். ஆனால் தோட்டத்து ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தால் நேரத்தில் பெரும்பகுதி ஏற்றத்திலேயே போய்விடுகிறது. இறக்கம் கண் மூடித் திறப்பதற்குள் முடிகிறது.

அட்டவணையில் உள்ளது, சமதரையில் ஆள் ஏறாமல் நிற்கும் சைக்கிளின் கணக்கு. 15% ஏற்றத்தில் தரையே ஏறக்குறைய 8.5 பாகை சாய்ந்திருக்கும். அட்டவணையில் 75 என்று போட்டிருந்த சீட் ஆங்கிள் அங்கே 66.5 ஆகிவிடும். அத்தோடும் நிற்காது. உங்கள் எடை பின்னால் போவதால் பின் ஷாக் இன்னும் அமுங்கும், முன் ஃபோர்க் எழும்பும், மேலும் ஒரு பாகை அளவு போகும். கடைசியில் பெடலுக்குப் பின்னால் உட்கார்ந்து கால்களை முன்னே தள்ளி மிதிப்பீர்கள். இடுப்பு வலிப்பதற்கு வயதைக் குறை சொல்ல வேண்டாம்.

பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயிலில் கதை வேறு. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் அதில் முன்பக்கம் மட்டும்தான் இறங்கும், சீட் ஆங்கிள் கொஞ்சம் நிமிரும். ஆகவே ஹார்ட்டெயிலுக்கு 74 போதும் என்றால், முழு சஸ்பென்ஷனில் 75.5 அல்லது 76 இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்ததாக ரீச் (பெடல் அச்சிலிருந்து ஹெட் ட்யூபின் மேல்முனை எவ்வளவு முன்னே இருக்கிறது என்பது), அப்புறம் செயின்ஸ்டே நீளம் (பெடல் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம்). ஹெட் ஆங்கிளை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

கேள்வி (தலவாக்கலை): என் சைக்கிளின் ஹெட் ஆங்கிள் 66.5. ஸ்டோருக்குப் பின்னால் ஏறும் கல் ரோட்டில் முன் சில்லு தூக்குகிறது, நேராகவும் போகமாட்டேன் என்கிறது. ஹெட் ஆங்கிள்தான் காரணமா?

பாதிக் காரணம். தூக்குவது ஒரு நோய், அலைவது இன்னொரு நோய். இரண்டையும் ஒன்றாக்கினால் மருந்து தப்பும்.

தூக்குவதற்குக் காரணம் உங்கள் எடை பின் அச்சுக்கு மேலேயே போய் நிற்பது. செயின்ஸ்டே 430 மி.மீ. மாதிரிக் குட்டையாக இருந்தால் சீக்கிரம் தூக்கும், 440 இருந்தால் தாமதமாகும். அதை மாற்ற முடியாது, ஆனால் சீட்டை ரெயிலில் 1 செ.மீ. முன்னே தள்ளலாம். ஸ்டெம்முக்கு (ஹேண்டிலைப் பிடிக்கும் துண்டு) கீழே ஒரு ஸ்பேஸர் வளையத்தை எடுத்து ஹேண்டிலை இறக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் பின் ஷாக்கின் சேக்கை அளந்து பாருங்கள். சேக் என்பது நீங்கள் உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கி நிற்கும் அளவு. எக்ஸ்சிக்கு முழு அமுக்கத்தில் 20 முதல் 25% வரை இருக்கலாம். 30% வைத்துக்கொண்டு முன்பக்கம் தூக்குகிறது என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

அலைவது ட்ரெயிலோடு சம்பந்தப்பட்டது. ஸ்டீயரிங் அச்சை நேராகத் தரைவரை நீட்டினால் அது தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரமே ட்ரெயில். 29 அங்குலச் சில்லில், 69 பாகை ஹெட் ஆங்கிளும் 51 மி.மீ. ஆஃப்செட் (ஸ்டீயரிங் அச்சிலிருந்து முன் அச்சு முன்தள்ளியிருக்கும் தூரம்) உள்ள ஃபோர்க்கும் என்றால் ட்ரெயில் 87 மி.மீ. அளவு வரும். 67 பாகையும் 44 ஆஃப்செட்டும் என்றால் 109 தாண்டும். வேகத்தில் இந்த நீளம் நல்லது, கல்லில் அடித்தாலும் ஹேண்டில் திரும்பாது. நடை வேகத்தில் ஏறும்போதோ, ஹேண்டிலைக் கொஞ்சம் திருப்பினாலே சில்லு அந்தப் பக்கமாகச் சரிந்து விழப் பார்க்கும். உங்கள் 66.5க்கு அந்தக் குணம் இன்னும் கூட. முழங்கையை மடக்கி நெஞ்சை ஹேண்டில் பக்கம் கொண்டுபோங்கள், பார்வையை முன் சில்லில் வைக்காதீர்கள். கொஞ்ச நாளில் பழகிவிடும். பழகாவிட்டால், அந்த ரோட்டுக்கு 67.5 அல்லது 68தான் உங்கள் எண்.

கேள்வி (பதுளை): அப்படியென்றால் உலகக் கிண்ணக்காரர்கள் ஏன் 67க்குப் போனார்கள்? அவர்களும் ஏறத்தானே செய்கிறார்கள்?

ஏறுகிறார்கள். ஆனால் அவர்களுடைய ஏற்றம் சில நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு வரும் கல்லும் குதிப்பும்தான் ஆளை விழுத்தும். முன்பெல்லாம் எக்ஸ்சி சைக்கிள் 70, 71 பாகையில் நீளமான ஸ்டெம்மோடு வரும். போட்டிப் பாதைகள் கரடுமுரடாக ஆக ஆக பிரேமும் மாறியது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் சுவிஸ் வீரர் நினோ ஷூர்ட்டர் தங்கம் வென்றது முழு சஸ்பென்ஷன் சைக்கிளில். டோக்கியோ ஒலிம்பிக்கின் இசு பாதையில் இருந்த பாறைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. நம்மிடம் அந்த மாதிரிக் குதிப்பு குறைவு. நமக்கு இருப்பது முடியாத ஏற்றமும், கொழுந்து லொறி அரைத்துப் போட்ட கல்லும்.

கேள்வி (மஸ்கெலியா): மிதிக்கும்போது பெடல் கல்லில் அடிக்கிறது. கான் (வடிகால்) தாண்டும்போதும் அடிவாங்குகிறது. பிரேம் பிழையா?

பிழை இல்லை, தாழ்வு. பெடல் அச்சு தரையிலிருந்து 335 மி.மீ. என்று போட்டிருக்கும். 120 மி.மீ. ட்ராவல் (சில்லு மேலே போகக்கூடிய மொத்த அளவு) உள்ள சைக்கிளில் நீங்கள் உட்கார்ந்ததும் அதில் 25 மி.மீ. அளவு போய்விடும். மிச்சம் 310. அதில் 175 மி.மீ. கிராங்க் (பெடலைப் பிடிக்கும் கை) கீழே வந்தால் பெடலுக்கும் தரைக்கும் நடுவில் 13 செ.மீ.தான். தோட்டத்துக் கல் ரோட்டில் இதைவிடப் பெரிய கல்லெல்லாம் சர்வசாதாரணம்.

அச்சு தாழ்ந்திருந்தால் வளைவில் நன்றாகப் படிந்து திரும்பும். விமர்சனக்காரர்கள் அதைப் புகழ்வது அதனால்தான். நம்ம ரோட்டில் அந்தப் புகழ்ச்சிக்கு நான் மயங்கமாட்டேன். 165 மி.மீ. கிராங்க் பூட்டுங்கள், அப்படியே 1 செ.மீ. கிடைக்கும். சீட்டையும் அதே 1 செ.மீ. உயர்த்த மறக்க வேண்டாம். பிரேமில் கோணத்தை மாற்ற உதவும் ஃப்ளிப் சிப் இருந்தால் உயர்ந்த நிலைக்கு மாற்றுங்கள், ஹெட் ஆங்கிளும் சீட் ஆங்கிளும் சேர்ந்தே நிமிரும். கான் தாண்டும்போது மட்டும் மிதிப்பதை நிறுத்தி இரண்டு பெடலையும் சமமாக வைத்துப் பழகுங்கள். அங்கே அட்டவணை உதவாது.

கேள்வி (கொழும்பு, சொந்த ஊர் நுவரெலியா): கொழும்பில் காற்று அடித்து சேக் சரியாக வைத்துக்கொண்டு வருகிறேன். ஊருக்கு வந்ததும் ஷாக் மெத்தென்று இருக்கிறது. டயர் அப்படியே இருக்கிறது. ஷாக் லீக்கா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. லீக் இல்லாமலே இப்படி நடக்கும்.

கொழும்பில் 30 பாகை செல்சியஸ், நுவரெலியாக் காலையில் 12 என்று வைப்போம். அடைபட்ட காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறையும், இங்கே 6% அளவு. மறுபக்கம், நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் 3 பிஎஸ்ஐ அளவு குறைவு, அது உள்ளே இருக்கும் காற்றுக்குச் சாதகம். 22 பிஎஸ்ஐ டயரில் குளிர் எடுப்பதை உயரம் திருப்பிக் கொடுத்துவிடும், வித்தியாசமே தெரியாது. 150 பிஎஸ்ஐ ஷாக்கிலோ குளிர் 10 எடுக்கும், உயரம் 3தான் கொடுக்கும். 143 ஆகிவிடும். பெரிய இழப்பு இல்லை, ஆனால் 25% சேக்கில் விளிம்பில் வைத்திருப்பவருக்குச் செங்குத்து ஏற்றத்தில் தெரியும். குளிரில், ஷாக்கின் அசைவை அடக்கும் டேம்பர் எண்ணெயும் கொஞ்சம் தடிக்கும், அதனால் ஷாக் திரும்பி எழுவதும் மந்தமாகும்.

ஊருக்கு வந்து, சைக்கிளை வெளியே கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிட்டு, அங்கேயே சேக் பாருங்கள். இன்னொன்று: ஷாக் பம்பைப் பூட்டியதும் கொஞ்சம் காற்று பம்பின் குழாய்க்குள் போவதால் மீட்டர் எப்போதும் குறைத்தே காட்டும். அதைப் பார்த்து லீக் என்று முடிவுகட்டி சீல் மாற்றியவர்கள் உண்டு.

கேள்வி (பண்டாரவளை): நான் ஆசிரியை, உயரம் 153 செ.மீ. 29 அங்குலச் சில்லுள்ள சைக்கிள் எனக்குப் பெரிதாக இருக்குமா?

சில்லு பிரச்சினை இல்லை டீச்சர், முன்பக்க உயரம்தான் பிரச்சினை. 29 சில்லும் 120 ஃபோர்க்கும் சேர்ந்தால் ஹேண்டில் உங்கள் சீட்டுக்கு மேலே போய் நிற்கும். ஏற்றத்தில் முன் சில்லில் பாரமே இருக்காது. சின்னப் பிரேம், 100 மி.மீ. ஃபோர்க், நேர் ஹேண்டில் என்று தேடுங்கள். தேவைப்பட்டால் ஸ்டெம்மைத் தலைகீழாகப் பூட்டலாம். ஹேண்டில் 760 மி.மீ. அகலத்தில் வரும், 700 அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் தோள் வலி அதில்தான் குறையும். சில கம்பனிகள் மிகச் சிறிய அளவுக்கு 27.5 சில்லே போடுகிறார்கள், கிடைத்தால் ஓட்டிப் பாருங்கள். ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் டிராப்பர் சீட் போஸ்ட் பூட்டுவதாக இருந்தால், ஷாக்கின் காற்றை இறக்கி, சீட்டை முழுக்கக் கீழே விட்டு, பின் டயர் சீட்டில் தட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

கேள்வி (கண்டி): 100 மி.மீ. ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு 120 பூட்டினால் புது ஜியோமெட்ரி கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்காததும் சேர்ந்து வரும். ஹெட் ஆங்கிள் 1 பாகை அளவு படுக்கும், அதுதான் உங்களுக்கு வேண்டியது. சீட் ஆங்கிளும் அதே 1 பாகை படுக்கும், ரீச் 1 செ.மீ. அளவு குறையும், பெடல் அச்சு கொஞ்சம் உயரும். முதல் கேள்விக்குச் சொன்னதை வைத்துப் பார்த்தால், இறக்கத்தில் வாங்கியதை ஏற்றத்தில் கட்டப்போகிறீர்கள். சீட்டை முன்னே தள்ள ரெயிலில் இடம் இருந்தால் செய்யலாம். பிரேம் கம்பனி அனுமதித்த ஃபோர்க் நீளத்தைத் தாண்ட வேண்டாம், ஹெட் ட்யூபில் விழும் நெம்பு அதிகமாகும்.

கேள்வி (ஹப்புத்தளை): பழைய முழு சஸ்பென்ஷன் சைக்கிள் ஒன்று வருகிறது. ஷாக் மாற்றியிருக்கிறார்களாம். என்ன பார்க்க வேண்டும்?

ஷாக்கின் நீளத்தை. இரண்டு போல்ட் துளைகளின் நடுவுக்கு நடு அளந்து, கம்பனி சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள். 190 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 185 பூட்டியிருந்தால், ஐந்து மி.மீ.தானே என்று விற்பவர் சொல்வார். 45 மி.மீ. ஸ்ட்ரோக்கில் (ஷாக் அமுங்கும் தூரம்) 120 ட்ராவல் தரும் பிரேமில் அந்த ஐந்து, பின் சில்லில் 13 மி.மீ. ஆகும். பின்பக்கம் அவ்வளவு தாழ்ந்து, கோணங்கள் அரைப் பாகைக்கு மேல் படுத்து, பெடலும் இறங்கியிருக்கும். ஸ்ட்ரோக் கூடிய ஷாக் என்றால் இன்னும் மோசம், முழுக்க அமுங்கும்போது டயர் பிரேமில் உரசும்.

பிறகு சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். பின் சில்லு தரையை விடுவதற்கு முன்னால் 'டக்' என்று ஆடினால் ஷாக் புஷ்ஷோ பிவட் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. மழைக்காலச் சேறு முதலில் தின்பது அவற்றைத்தான். அந்த ஆட்டத்தோடு ஓட்டினால் வளைவில் பின்பக்கம் தனியாகத் திரும்பும், எந்தக் கோணமும் உதவாது. பேரிங் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

தம்பேதென்ன வழியாக லிப்டன் சீட் வரை போய்வர மட்டும்தான் சைக்கிள் என்றால், அந்த ரோட்டுக்கு ஹார்ட்டெயிலே போதும்.