ஆக்வாவில் பி2195 கோட் வந்தால் ஒக்சிஜன் சென்சரை மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் டொயோட்டா ஆக்வாவில் எஞ்சின் லைட் எரிகிறது, ஸ்கேன் பண்ணினால் பி2195 வருகிறது, கராஜில் ஒக்சிஜன் சென்சரை மாற்றச் சொல்கிறார்கள், அதுதான் பழுது என்று எப்படி நிச்சயப்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் வாகன வயரிங் வேலை பார்க்கிறேன். ஹைபிரிட் வாகனங்கள் வாராவாரம் வரும். என் பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

அந்தக் கோட் சென்சர் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. முன்பக்க ஒக்சிஜன் சென்சர் 'பெற்றோல் குறைவு, காற்று அதிகம்' என்றே விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சென்சர் பொய் சொல்கிறதா, நிஜமாகவே பெற்றோல் குறைகிறதா என்று பார்க்காமல் புதுச் சாமான் வாங்குவது வீண் செலவு.

முதலில் பெற்றரியைக் கழற்றி லைட்டை அணைக்க யாரையும் விடாதீர்கள். கோட் விழுந்த நேரத்தில் எஞ்சின் சூடு, வேகம், சுமை எல்லாம் எவ்வளவு இருந்தன என்று கம்பியூட்டர் எடுத்து வைத்த பதிவு அதோடு போய்விடும். போனோடு புளூடூத்தில் சேரும் சின்ன ஸ்கேனர் போதும், அதையெல்லாம் வாசிக்கலாம்.

ஹைபிரிட்டில் இன்னொரு சிக்கல். வண்டி நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். அந்த நேரம் சென்சர் கணக்கைப் பார்த்துவிட்டு 'அசையவே இல்லை, போச்சு' என்று சொல்கிறவர்கள் உண்டு. எஞ்சினே ஓடாதபோது அது எதைச் சொல்லும்? ஓடவைத்துப் பார்க்க மெயின்டனன்ஸ் மோட் இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு முறை அமத்துங்கள். ஒரு நிமிடத்துக்குள் இதைச் செய்து முடிக்க வேண்டும்: கியர் 'பி'யில் அக்சலரேட்டரை முழுதாக இரண்டு தரம், 'என்'னில் இரண்டு தரம், திரும்ப 'பி'யில் இரண்டு தரம். மீற்றரில் மெயின்டனன்ஸ் மோட் என்று வந்ததும் பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் நிற்காமல் ஓடும். அந்த மோட்டில் ரோட்டில் ஓட்டாதீர்கள். பவரை நிறுத்தினால் அது தானாகப் போய்விடும்.

இனித்தான் முக்கியமான இடம். உங்கள் வண்டியில் இரண்டு ஒக்சிஜன் சென்சர்கள் இருக்கின்றன. புகையைச் சுத்தமாக்கும் கன்வேர்ட்டருக்கு முன்னால் இருப்பது காற்று–பெற்றோல் கலவையை அளப்பது. கலவை சரியாக, அதாவது 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோலாக இருந்தால் 3.3 வோல்ட் அளவில் நிற்கும் (சில செயலிகள் அதை ஐந்தில் ஒரு பங்காக்கி 0.66 என்று காட்டும், பயப்பட வேண்டாம்). பின்னால் இருப்பது பழைய வகை. பெற்றோல் கூடினால் 0.9 பக்கம் போகும், காற்று கூடினால் 0.1 பக்கம் இறங்கும். ஒன்றுக்கு மற்றது சாட்சி.

எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் மூன்று கணக்கை ஒன்றாகப் பாருங்கள்: முன் சென்சர், பின் சென்சர், நீண்டகால ஃபியூவல் டிரிம் (கம்பியூட்டர் பெற்றோலை எத்தனை வீதம் கூட்டிக் குறைக்கிறது என்பது). டிரிம் பத்து வீதத்துக்குள் கூடிக்குறைந்தால் பிரச்சினை இல்லை. அது கூட்டல் 20க்கு மேல் போய், முன் சென்சர் 'காற்று, காற்று' என்று கத்த, பின் சென்சர் மட்டும் 0.8இல் அசையாமல் நின்றால் முன் சென்சரை நம்ப முடியாது. கம்பியூட்டர் அதன் பேச்சைக் கேட்டுப் பெற்றோலை ஊற்றிக்கொண்டிருக்கிறது. சைலன்சர் வாய் கரி பிடித்திருக்கும், பெற்றோல் மணமும் வரும். இரண்டுமே காற்று அதிகம் என்றால் சென்சர் உண்மையைத்தான் சொல்கிறது. காற்றுக் குழாய் வெடிப்பு, அழுக்கான காற்றளவுச் சென்சர், பலம் குறைந்த பெற்றோல் பம்ப், இவற்றைப் பாருங்கள்.

முன் சென்சர்மீதுதான் சந்தேகம் என்றாலும் அதற்கு முன்னால் சைலன்சர் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சின்ன ஓட்டை வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுத்தால் நல்ல சென்சரும் காற்று அதிகம் என்றுதான் சொல்லும். காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மனிபோல்ட் பக்கம் டிக் டிக் என்று கேட்டு, சூடேறியதும் அது அடங்கினால் அங்கேதான் கசிவு. எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் புளோவரால் சைலன்சர் வாயில் காற்றடித்துக்கொண்டு மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் ஊரில் வயரையும் பார்க்காமல் விடக்கூடாது. கிண்ணியாவிலிருந்து ஒரு நானா ஆக்வாவைக் கொண்டுவந்தார். அவருக்கு வந்தது சென்சரைச் சூடாக்கும் ஹீட்டரின் கோட், பி0031. வேறொரு கராஜில் புதுச் சென்சர் போட்டும் லைட் திரும்ப எரிந்ததாம். "இதையும் மாத்தணுமா தம்பி?" என்று கேட்டார். "சென்சர விடுங்க நானா, முதல்ல இந்த சொக்கட்டக் கழட்டிப் பாப்பம்" என்றேன். சென்சர் வயரைச் சேர்க்கும் அந்தச் சொக்கட்டுக்குள் ரப்பர் சீல் இல்லை, ஒரு பின் முழுக்கப் பச்சைத் தூள். கடற்காற்றில் நிற்கிற வண்டிக்கு இது வழக்கம். பின்னை மாற்றிச் சீல் போட்டதும் கோட் திரும்ப வரவில்லை.

ஹைபிரிட்டில் எஞ்சின் அடிக்கடி நிற்பதால் சென்சர் ஆறிவிடும், ஹீட்டர்தான் அதைச் சூடாக வைத்திருக்க வேண்டும். ஹீட்டர் கோட் வந்தால் சொக்கட்டைக் கழற்றி மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள். குளிர்ந்த நிலையில் முன் சென்சர் ஹீட்டர் ஏறத்தாழ 2–3 ஓம், பின் சென்சர் 11–16 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அந்தச் சென்சர் முடிந்தது. செம்மஞ்சள் வயர் எதையும் தொடாதீர்கள், அது உயர்மின் பக்கம். ஆக்வாவில் 520 வோல்ட் வரை போகும்.

இத்தனைக்கும் பிறகு மாற்றத்தான் வேண்டும் என்றால் பழைய சென்சரில் உள்ள பார்ட் நம்பரைப் பார்த்து டென்சோ கம்பனிச் சென்சரே வாங்குங்கள். பாவித்த சென்சர் மலிவுதான், ஆனால் அது எத்தனை கிலோமீற்றர் புகை குடித்தது என்று விற்பவருக்கும் தெரியாது. கழற்றும்போது குழாய் இளஞ்சூடாக இருந்தால் மரை லேசாக விடும். வயர் நுழைய வெட்டு வைத்த 22 மில்லிமீற்றர் சொக்கட் ஸ்பானர் வேண்டும். சிலிக்கன் பசையை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், அதன் ஆவி புதுச் சென்சரையும் கெடுக்கும்.

அதுவரை ஓட்டலாமா? லைட் நிலையாக எரிந்தால் ஊருக்குள் ஓட்டலாம், பெற்றோல்தான் கொஞ்சம் கூடக் குடிக்கும். மினுக்கினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். பெற்றோல் சரியாக எரியாமல் எஞ்சின் மிஸ் அடிக்கிறது, கன்வேர்ட்டர் எரிந்துபோகும். அதன் விலையோடு பார்த்தால் சென்சர் ஒன்றுமே இல்லை.