ஆதரின் லூசி அலபாமா பல்கலைக்கழகத்திலிருந்து ஏன் நீக்கப்பட்டார்?

சுருக்கமான விடை: அவரைத் தாக்க வந்த கும்பலை அடக்குவதற்குப் பதிலாக, நிர்வாகம் அவரையே வெளியேற்றியது.

1952-இல் ஆதரின் லூசிக்கு அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகம் இடம் அளித்தது. அவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் அந்த இடத்தை மறுத்தது. தர்குட் மார்ஷல், கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி, ஆர்தர் ஷோர்ஸ் ஆகிய வழக்கறிஞர்கள் துணைநிற்க, சில ஆண்டுகள் வழக்காடி வென்ற அவர், 1956 பிப்ரவரி 3 அன்று நூலகவியல் முதுநிலை மாணவியாக வகுப்புக்குள் நுழைந்தார். விடுதியில் தங்கவோ உணவுக்கூடத்தில் உண்ணவோ அனுமதி இல்லை. பிப்ரவரி 6 அன்று பெருங்கும்பல் முட்டைகளையும் கற்களையும் எறிந்து அவரைத் துரத்தியது. அன்றிரவே, "அவருடைய பாதுகாப்புக்காக" என்று சொல்லி, அறங்காவலர் குழு அவரை இடைநீக்கம் செய்தது.

அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு மிகப் பெரிய அநீதியாகத் தோன்றுகிறது. கும்பலுடன் நிர்வாகம் கூட்டுச் சேர்ந்தது என்று அவருடைய தரப்பு நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டியது. பின்னர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இருந்தும், அவரை மீண்டும் சேர்க்க நீதிமன்றம் ஆணையிட்டதும், அந்தக் குற்றச்சாட்டையே காரணமாக்கி நிரந்தரமாக நீக்கினார்கள். இன அடிப்படையில் அவருக்கு இடம் மறுக்கக் கூடாது என்ற நீதிமன்றத் தடையுத்தரவு கையில் இருந்தும் அது அவரைக் காக்கவில்லை.

1963-இல்தான் கறுப்பின மாணவர்களான விவியன் மலோனும் ஜேம்ஸ் ஹூடும் அமெரிக்கக் கூட்டரசின் பாதுகாப்புடன் அங்கே சேர முடிந்தது. லூசியின் நீக்கம் 1988-இல் ரத்தானது. அதே பல்கலைக்கழகத்தில் மீண்டும் சேர்ந்து, 1992-இல் கல்வியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார்.