டிரைவரைக் கெர்னலில் சேர்க்க இடைத்தரகருக்குப் பணம் கட்டலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாடவைக்கும் இடத்தின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் சென்சார் ஒன்றை லினக்ஸில் இயக்கும் டிரைவர் நிரலை எழுதினேன். அதைச் சேர்க்கக் கேட்டு, கெர்னலின் அஞ்சல் பட்டியலுக்கு ஜிமெயிலில் ஒட்டி அனுப்பி மூன்று வாரமாகியும் ஒரு வரி பதில்கூட இல்லை. பணம் கட்டினால் தாங்களே சேர்த்துத் தருவதாக ஒரு பயிற்சி நிலையம் சொல்கிறது. வீட்டிலிருந்தபடி ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். லினக்ஸ் கெர்னலில், அதாவது அந்த இயங்குதளத்தின் மையப் பகுதியில், நிரல் சேர்ப்பதற்குக் கட்டணம் இல்லை, சந்தா இல்லை, யாருடைய பரிந்துரையும் தேவையில்லை. உங்கள் மலையில் பச்சைத் தேயிலை வாங்கும் முகவராவது மூட்டையைத் தொழிற்சாலை வரை கொண்டு சேர்க்கிறார். இந்த இடைத்தரகருக்குச் சுமப்பதற்கு ஒன்றுமே இல்லை. நிரலைக் கோப்பாக வாங்கிக்கொண்டு, அனுப்புநர் இடத்திலும், அனுப்புபவர் பெயரிட்டுப் பொறுப்பேற்கும் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரியிலும் தம் பெயரையோ, வேலை தேடும் வேறொரு மாணவரின் பெயரையோ போட்டு அனுப்புவதுதான் இவர்களில் பலர் செய்யும் வேலை. ஏற்கப்பட்டுவிட்டால் ஆசிரியர் என்று அந்தப் பெயரே கெர்னலின் வரலாற்றில் நிலைத்துவிடும், பிறகு அதை மாற்ற முடியாது. ஏற்கப்படும் வாய்ப்பும் குறைவு, ஏனென்றால் கெர்னலின் அந்தப் பகுதியைக் கவனிக்கும் பராமரிப்பாளர் ‘இந்த ரெஜிஸ்டரை ஏன் இருமுறை படிக்கிறீர்கள்’ என்று கேட்டால், எழுதாதவரால் பதில் சொல்ல முடியாது. பிள்ளைகளின் உழைப்பைப் பிடுங்கி இன்னொருவரின் தன்விவரக் குறிப்பில் விற்கும் இந்த வியாபாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

மூன்று வார மௌனத்துக்கு உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் ஒட்டினால் டேப்கள் வெற்றிடங்களாக மாறும், நீண்ட வரிகள் உடையும், அந்தப் பேட்சை, அதாவது நிரல் மாற்றத்தை, யாராலும் தம் கெர்னல் மூலத்தில் பொருத்திப் பார்க்க முடியாது. ஹெச்டிஎம்எல் வடிவில் போயிருந்தால் கெர்னலின் அஞ்சல் பட்டியல்கள் அதை ஏற்றே இருக்காது. ஆகவே ‘கிட் சென்ட்-இமெயில்’ கட்டளையால், ஜிமெயிலின் எஸ்எம்டிபி அஞ்சல் சேவை வழியாக, முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்ததைப் புதிய கிளையில் பொருத்திப் பாருங்கள். இத்தனை காலத்துக்குப் பிறகும் புதியவரை வாசலிலேயே ஓசையின்றித் திருப்பி அனுப்பும் இந்த முறையை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. கோடிக்கணக்கில் சில்லுகளை விற்கும் நிறுவனங்கள் பல, டிரைவர்களைப் படித்துத் திருத்தும் பராமரிப்பாளருக்குச் சம்பளத்தோடு நேரம் ஒதுக்க முன்வராததால், வந்து சேர்ந்த பேட்சுகளும் காத்துக்கிடக்கின்றன.

யாருக்கு அனுப்புவது என்பதைக் கெர்னல் மூலத்திலேயே உள்ள ‘கெட்_மெயின்டெய்னர்’ என்னும் சிறு நிரல் சொல்லிவிடும். ஈரப்பத சென்சார்கள் ‘ஐஐஓ’, ‘ஹெச்டபிள்யூமான்’ என்னும் இரு பிரிவுகளிலும் இருக்கின்றன. கணினியின் நலத்தைக் கண்காணிப்பவை பின்னதற்குப் போகும், உங்களுடையதைப் போல வெளிச்சூழலை அளப்பது பெரும்பாலும் ஐஐஓவுக்கு. அனுப்பும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வெளியாகிறது; வெளியானவுடன் வரும் இரண்டு வார ‘மெர்ஜ் விண்டோ’வில் பராமரிப்பாளர்கள் ஏற்கெனவே சேர்த்துவைத்தவற்றை மேலே அனுப்புவதில் மூழ்கியிருப்பார்கள். முதல் ‘ஆர்சி’, அதாவது சோதனைப் பதிப்பு, வெளியான பின் அனுப்புவதே நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒரு நிறுவனத்தின் ஊழியர் என்று எழுதியிருக்கிறீர்கள். சைன்ட்-ஆஃப்-பை வரி வெறும் கையொப்பம் என்று பலர் நினைக்கிறார்கள். தன் யூனிக்ஸ் நிரல் லினக்ஸில் சேர்க்கப்பட்டதாக எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது தொடுத்த வழக்கின் பின்னணியில், 2004இல் கொண்டுவரப்பட்ட அந்த வரி, ‘இதைத் திறந்த உரிமத்தில் தருவதற்கு எனக்கு உரிமை உண்டு’ என்னும் உறுதிமொழி. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17இன்படி, வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர். டிரைவரை ஞாயிற்றுக்கிழமையில் சொந்த மடிக்கணினியில் எழுதியிருந்தாலும், பணி நியமனக் கடிதத்தில் ‘பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்’ என்பது போன்ற வாசகம் இருந்தால் நிறுவனம் உரிமை கோர இடமுண்டு. ஆகவே மேலாளர் வாய்மொழியாகச் சரி என்றது போதாது; டிரைவரின் பெயரையும், கெர்னலின் திறந்த உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பையும் குறிப்பிட்டு, ஒப்புதலை மின்னஞ்சலிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொழிற்சாலையின் ஊழியராக இல்லாமல், அவர்களுக்கு வெளியாளாக எழுதிக் கொடுத்திருந்தால், எழுத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை உரிமை பொதுவாக உங்களுடையதே. சில்லுத் தயாரிப்பாளரின் மாதிரி நிரலிலிருந்து வரிகளை எடுத்திருந்தால், அதன் உரிமம் ஜிபிஎல்லோடு பொருந்துகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அனுப்புமுன், நிரல் எழுதும் நடையில் உள்ள பிழைகளைக் காட்டும் ‘செக்பேட்ச்’ நிரலை ஓட்டுங்கள். வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ்ட்ரீ விவரத்தை ‘யாமல்’ என்னும் உரை வடிவக் கோப்பாக எழுதி, டிரைவருக்கு முந்தைய தனிப் பேட்சாக வையுங்கள். பதில் வராவிட்டால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்து, அதே இழையில் பணிவாக நினைவூட்டலாம். திருத்தம் கேட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் அதன் கீழேயே பதில் எழுதிவிட்டு, அடுத்த பேட்சின் தலைப்பில் ‘வி2’ என்று குறித்து, மாற்றியவற்றைப் பேட்சின் விளக்கத்துக்கு அடுத்து வரும் மூன்று கோடுகளுக்கு (---) கீழே எழுதி அனுப்புங்கள்.