இரண்டு காங்கோ, ஒரு பேராறு

கேள்வி: ஆப்பிரிக்க வரைபடத்தில் அடுத்தடுத்துள்ள இரண்டு நாடுகளுக்குக் காங்கோ என்று பெயர், அங்கே ஓடும் பேராற்றுக்கும் அதே பெயர்தான். ஒரே நாடு பிற்காலத்தில் இரண்டாகப் பிரிந்ததா? பெயர் முதலில் யாருக்கு உரியது?

பதில்: கொரியாவைப் போல ஒரு நாடு இரண்டாகப் பிளந்த கதை அன்று இது. இன்றைய எல்லைகளைக் கொண்ட ஒரே காங்கோ நாடு ஒருபோதும் இருந்ததில்லை. பெயருக்கு முதல் உரிமை இவ்விரு நாடுகளுக்கும் இல்லை, ஆற்றுக்கும் இல்லை. 1480களில் போர்த்துகீசிய மாலுமி தியோகோ காவ் ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்தபோது, அதன் தென்புறத்தில் தலைநகரும் மாகாணங்களும் வரிமுறையும் கொண்ட கொங்கோ என்னும் அரசு ஏற்கெனவே நிலைபெற்றிருந்தது. கிகொங்கோ மொழி பேசிய அம்மக்களின் அரசுப் பெயரையே ஐரோப்பியர் பின்னர் ஆற்றுக்குச் சூட்டினர். ஆற்றின் பெயர் அது பாயும் உள்நாடு முழுவதற்கும் பரவியது. இதனால், கொங்கோ அரசின் ஆணை ஒருநாளும் எட்டாத, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காடுகளில் வாழ்ந்தவர்கள்கூடக் காங்கோக்காரர்கள் ஆனார்கள்.

பங்கீடு நடந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1880இல் பிரான்சுக்காகப் பயணம் செய்த பிராசா, தெக்கே மக்களின் அரசருடன் ஒப்பந்தம் செய்து வடகரையில் காலூன்றினார். எதிர்க்கரையில் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்காக நாடாய்வாளர் ஸ்டான்லி இடம் பிடித்தார். 1884–85இல் நடந்த பெர்லின் மாநாட்டை ஒட்டி, ஐரோப்பிய வல்லரசுகள் லியோபோல்டின் உரிமையை ஏற்றுக்கொள்ள, காங்கோ சுதந்திர அரசு என்ற பெயரில் ஒரு பெருநிலம் அவருடைய தனிச்சொத்தாகவே ஆயிற்று. அங்கே ரப்பருக்காக நடந்த கொடுமைகள் உலகறிய வெளிவந்த பிறகு, 1908இல் பெல்ஜிய அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆக, பிரெஞ்சுக் காங்கோ ஒன்று, பெல்ஜியக் காங்கோ ஒன்று. போர்த்துகீசியரும் தங்கள் பங்குக்கு, இன்று அங்கோலாவின் பகுதியான கபிண்டாவைப் போர்த்துகீசியக் காங்கோ என்று அழைத்துவந்தனர்.

1960இல் இரண்டும் விடுதலை பெற்றன: பெல்ஜியக் காங்கோ ஜூன் 30இல், பிரெஞ்சுப் பகுதி ஆகஸ்ட் 15இல். இரண்டுமே ‘காங்கோ குடியரசு’ என்ற பெயரையே வைத்துக்கொண்டன. பள்ளி மாணவர்களைக் குழப்புவதற்கென்றே செய்ததுபோலத் தோன்றும். இரண்டும் அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தபோது, காங்கோ–பிரஸ்ஸாவில், காங்கோ–லியோபோல்ட்வில் என்று தலைநகரங்களைக் கொண்டே பிரித்தறிய வேண்டியிருந்தது. ‘ஜனநாயக’ என்ற அடைமொழி பெரிய நாடான முன்னாள் பெல்ஜியக் காங்கோவுக்கு 1964இல்தான் வந்தது. அதன் தலைநகரான லியோபோல்ட்வில் 1966இல் கின்சாசா ஆனது.

இவ்விரு தலைநகரங்களும் ஆற்றின் இருகரைகளில் நேருக்கு நேர் நிற்கின்றன. வத்திக்கானையும் ரோமையும் விட்டுவிட்டால், இவ்வளவு நெருக்கமான தலைநகரங்கள் உலகில் வேறில்லை. ஆயினும் இடையில் பாலம் கிடையாது. இரு நகரங்களிலும் ‘பீச்’ என்றே அழைக்கப்படும் படகுத்துறையில் பயண ஆவணங்களைக் காட்டிவிட்டுப் படகேற வேண்டும். அக்கரையில் இறங்கினால் பிராங்க் என்ற பெயரில் வேறொரு நாணயம். பேச்சுக்கு மட்டும் தடையில்லை: லிங்காலாவும் பிரெஞ்சும் இருகரையிலும் செல்லும். நகரங்களுக்குக் கீழே ஆற்றுநீர் அருவிகளாகச் சரிவதால் கப்பல்கள் கடலுக்குச் செல்ல இயலாது. அதனால்தான் ஒவ்வொரு குடியேற்ற அரசும் தன் பகுதியில் தனித்தனியே ரயில்பாதை அமைத்தது: தென்கரையில் மத்தாதி துறைமுகத்துக்கும், வடகரையில் புவாந்த்-நுவார் துறைமுகத்துக்கும். ஆற்றின் பெயரைத் தாங்கும் சிறிய நாட்டுக்கு அந்த ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு துண்டு நிலம்கூட இல்லை என்பது இந்த எல்லைக்கோடுகளின் விசித்திரம்.

கேள்வி: செய்தியில் ‘காங்கோ’ என்று மட்டும் வந்தால் எந்த நாடு என்று எப்படி அறிவது?

பதில்: பெரும்பாலும் கின்சாசாவைத் தலைநகராகக் கொண்ட பெரிய நாடுதான். முதல் பிரதமர் லுமும்பா, கோபால்ட் சுரங்கம், எபோலா, கிழக்கே கோமா நகரைச் சுற்றிய போர் ஆகிய எல்லாம் அந்நாட்டைச் சேர்ந்தவை. பரப்பில் அது மற்றதைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. அதிகாரப்பூர்வப் பட்டியல்களில் ‘காங்கோ’ என்று மட்டும் இருந்தால், மாறாக, அது பிரஸ்ஸாவில் நாட்டையே குறிக்கும்.

கேள்வி: நான் படித்த காலத்தில் அங்கே ஜைர் என்றொரு நாடு இருந்தது. அது எங்கே போயிற்று?

பதில்: அதுவும் கின்சாசாவின் காங்கோதான். குடியேற்றக் காலப் பெயர்களை ஒழிப்பதாக அறிவித்த அந்நாட்டு அதிபர் மொபுட்டு, 1971இல் நாட்டின் பெயரையும் ஆற்றின் பெயரையும் ஜைர் என்று மாற்றினார். நாணயத்துக்கு அதற்கு முன்பே அப்பெயர். ஆனால் ஜைர் என்பதே, ஆற்றைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல்லைப் போர்த்துகீசியர் தம் வாய்க்கேற்பத் திரித்துச் சொன்ன வடிவம். அந்நியப் பெயரை நீக்கிவிட்டு அவர் கொண்டுவந்தது அந்நியர் உச்சரிப்பை! 1997இல் மொபுட்டுவை வீழ்த்திய லாரன் கபிலா பழைய பெயரையே மீட்டார். ஜைர் என்ற பெயர் இன்றும் அங்கோலாவில் ஒரு மாகாணத்தின் பெயராக வழங்குகிறது. அதன் தலைநகர் ம்பன்சா கொங்கோ. பழைய கொங்கோ அரசர்கள் வீற்றிருந்த நகரம் அதுவே.