பார் உயிரோடு இருந்தால்தான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கீழக்கரைக்காரன். பொறியியல் இறுதியாண்டு. கூட்டமாக மிதக்கும் சிறு கடலடி ரோபோக்கள் ஒலியை வைத்துத் தங்கள் இடத்தை அறிவதுதான் எங்கள் புராஜெக்ட். நம் கடலில் ஒரே இரைச்சல். அதை வடிகட்டிவிடச் சொல்கிறார்கள். மேற்படிப்புக்கு வெளிநாடுதான் போக வேண்டுமா?
ந.

அன்புள்ள ந.,

மேற்படிப்பை அப்புறம் பார்க்கலாம். எதை வடிகட்டப் போகிறீர்கள் என்று தெரியுமா?

தண்ணீருக்குள் ஜிபிஎஸ் எடுக்காது, அதனால்தான் ஒலி. 2017-இல் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தார் 16 ரோபோக்களைப் பின்தொடர்ந்த விவரத்தை வெளியிட்டார்கள். மேலே 5 மிதவைகள் 12 நொடிக்கு ஒருமுறை ஒலி எழுப்பிக்கொண்டிருந்தன. நம் தென்கடலில் அந்த வேலையை இறாலிடமே விடலாம், தம்பி. விரல் நீளம்கூட இல்லாத ஒரு வகை இறால், கொடுக்கைச் சொடுக்கும் வேகத்தில் குமிழி உண்டாகி, சத்தத்தோடு உடைகிறது. நீங்கள் சொல்லும் இரைச்சலில் பெரும்பங்கு அதுதான்.

சின்ன வயதில் சித்தப்பாவின் வள்ளத்தில் அடிப்பலகையில் காதை வைத்துப் படுத்திருப்பேன். கடுகு வெடிப்பதுபோல் விடாமல் கேட்கும். "கீழ பார் கெடக்குடா" என்பார். பார் என்றால் கடலடிப் பவளப்பாறை, இந்த இறாலின் வீடு. சத்தம் தேய்ந்தால் மணலுக்கு வந்துவிட்டோம் என்று பொருள். இருட்டில் இடம் அறிய அவருக்கு அது போதும்.

கணக்கும் எளிதுதான். கடலில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். இரண்டு ரோபோக்களுக்கு இடையே 15 மீட்டர் என்றால், ஒரே சொடுக்கு இரண்டையும் எட்டும் நேர வித்தியாசம் 10 மில்லிவிநாடியைத் தாண்டாது. இறால் இரண்டுக்கும் நேர்கோட்டில், வெளிப்பக்கம் இருக்கும்போதுதான் அந்த உச்சம் வரும். ஆயிரக்கணக்கான சொடுக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் உச்சம் தெரிந்துவிடும், அதிலிருந்து தூரம். இரு முனையிலும் இறால் இருந்தால் ரோபோக்களின் கடிகாரங்களுக்கு இடையிலான பிசகையும் கழித்துவிடலாம். ஆக, நாலா பக்கமும் சொடுக்க வேண்டும். நாலா பக்கமும் பார் உயிரோடு இருக்க வேண்டும்.

அதைத்தான் நாம் விட்டுவைக்கவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் உங்கள் கீழக்கரைத் தீவுக்கூட்டத்துப் பூவரசன்பட்டியும் ஒன்று. சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டி வெட்டி, தீவே தண்ணீருக்குள் போயிற்று. பார் செத்தால் ஓசையும் அடங்கும். அப்புறம் உங்கள் ரோபோ யாரைக் கேட்டு வழி அறியும்? நீங்கள் அனுப்பிய அறிக்கையில் மென்பொருள் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன, பார் என்ற பேச்சே இல்லை. கீழக்கரைப் பிள்ளை இப்படி எழுதலாமா?

வடிகட்டியைத் தூக்கிப் போடுங்கள். தண்ணீருக்குள் ஒலி பிடிக்கும் மைக்கான ஹைட்ரோஃபோன் இரண்டு வாங்கி, உயிருள்ள பாரருகே ஒரு பதிவு, வெறும் மணலில் ஒரு பதிவு எடுங்கள். தீவுப் பக்கம் போக வனத்துறை அனுமதி வேண்டும். மனுவை இந்த வாரமே எழுதிவிடுங்கள்.